கேட்டுக்கு வெளியே நின்ற பஸ்

அரியலூர் சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்த பிறகுதான், உடம்பில் இன்னும் அந்தக் கல்லூரியின் நீலச் சட்டை இருப்பது உறைத்தது. சட்டைப் பையின் மேல் கல்லூரியின் பெயரை நூலால் தைத்திருந்தார்கள். ஓரமாக நின்று அதைக் கழற்றினேன். தூக்கி எறியலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நல்ல துணி. பெயர் உள்ளே போகும்படி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனியனோடு நடந்தேன். ஆடிக் காற்று, உழுது போட்டிருந்த கரிசலைக் கிளப்பி முகத்தில் அடித்தது. வழக்கமாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் வால் ஒன்றைப் பிடித்தபடி போகும் சாலை அது. அன்று பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம்.

நான் பல இடங்களை விட்டு நடந்தவன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு போர்வெல் வண்டி, திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் கல்குவாரி என்று எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. எந்த வேலையை விட்டபோதும் கோபம் அரை நாளில் அடங்கிவிடும், அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிய யோசனை வந்துவிடும். இந்த ஒரு கோபம்தான் மூன்று வருடமாகியும் அடங்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் கூடவே ஒரு மனிதரின் முகமும் வந்து நிற்கிறது. அவரை நான் சார் என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சார் அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை ஆசிரியர். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நான் அங்கே டிரைவர். பாடம் நடத்துவது அவர் வேலையாகவும் பஸ் ஓட்டுவது என் வேலையாகவும் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு வார்த்தை பேசியிருக்கவே மாட்டோம். ஆனால் அந்த வருடம் சிமெண்ட் விற்கவில்லை. கட்டடம் கட்டுகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள், ஆலைகளில் உலையை அணைத்துவிட்டார்கள், குவாரிகளில் லாரிகள் வரிசையாக நின்றே துருவேறின. லெப்பைக்குடிக்காட்டுப் பக்கம் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பணம் நின்றதும் பிள்ளைகளின் படிப்பு நின்றது. பிள்ளைகள் வராததால் கல்லூரியின் இரண்டாவது மாடி முழுவதும் பூட்டிக் கிடந்தது. பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள், உடைந்த ஜன்னல் வழியாகப் புறாக்கள் போய்வந்தன. அதனால் ஆசிரியர்கள் எல்லோரையும் ஆள் பிடிக்க அனுப்பினார்கள். ஆளுக்குப் பதினைந்து மாணவர்கள் என்று கணக்கு. அதுவரை பாதிச் சம்பளம்தான், மீதி அட்மிஷன் முடிந்த பிறகு. காலையில் வேனை எடுப்பேன். பள்ளிக்கூடங்களிலிருந்து யார் யாரோ விற்ற பெயர்ப் பட்டியலோடு சார் முன் சீட்டில் ஏறிக்கொள்வார். ரெட்டிபாளையம், வரதராஜன்பேட்டை, ஜெயங்கொண்டம் என்று தெருத் தெருவாக அலைவோம்.

இப்படி வீடு வீடாகப் போய் ஆள் பிடிக்கும் கேன்வாசுக்கென்றே அவரிடம் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. வேனில் ஏறியதும் முதுகு சீட்டில் படாமல் முன்னால் சாய்ந்து உட்காருவார், அது கசங்கக் கூடாதென்று. எந்த வீட்டிலும் முதலில் டீ வேண்டாம் என்பார், பிறகு குடிப்பார். பேச்சை ஒருபோதும் கல்லூரியில் தொடங்க மாட்டார். சுவரில் மாட்டியிருக்கும் பிள்ளையின் போட்டோவைப் பார்த்து, "கணக்குல எவ்ளோ பாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தப் பிள்ளை மார்க் சொல்லும்போது அவர் முகம் மலரும். அது நடிப்பில்லை என்று இப்போதும் சத்தியம் செய்வேன். அதற்கடுத்து ஒரு வாக்கியம் சொல்வார். "ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுத்துடுங்க. அப்பதான் சீட்டு உங்களுக்குன்னு உறுதியாகும். பணம் மெதுவாக் கட்டிக்கலாம்."

என் அக்காவின் வீட்டை அவருக்குக் காட்டியது நான்தான். இதை மறைத்து எழுதினால் இந்தக் கோபத்துக்கே மரியாதை இல்லை. டிரைவர்கள் ஆள் காட்டினால் தலைக்கு இவ்வளவு என்று கையில் தருவார்கள். அக்கா வீடு ரெட்டிபாளையத்தில். மச்சான் குவாரி லாரி ஓட்டினவர். அந்த வருடம் சித்திரையிலிருந்து வண்டி நிற்க, அவரும் வீட்டில் நின்றார். அக்கா மகள் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து அரசாங்கக் கவுன்சலிங்குக்கும் பதிவு செய்துவிட்டிருந்தார். அதில் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. படிப்புக் கடன் கேட்டுப் பேங்குக்குப் போன மச்சானிடம் சம்பளச் சீட்டுக் கேட்டார்கள். ஓடாத லாரிக்கு ஏது சம்பளச் சீட்டு? அந்த நேரத்தில்தான் நான் சாரைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன்.

மச்சானுக்கு ஒரு நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் கூட்டமான பஸ் வந்து நின்றால், ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்போம். துண்டு விழுந்த சீட்டில் வேறு யாரும் உட்காரக் கூடாது, அது எழுதாத சட்டம். வேண்டாமென்றால் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகலாம்.

"இப்ப ஒரு துண்டப் போட்டு வெப்போம் மாப்ள. கவர்மெண்டுல கெடச்சா எடுத்துக்கிட்டு எறங்கிருவோம்" என்றார் மச்சான்.

"அவ்ளோதாங்க" என்றார் சார்.

நானும் தலையாட்டினேன். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அக்கா மகளே சாரின் கையில் கொடுத்தாள். கொடுக்கும் முன் கவரின் மேல் இருந்த தூசியைத் தாவணியால் துடைத்தாள்.

நாங்கள் மூன்று பேரும் செய்த தப்பு இதுதான். கூட்டமே இல்லாத பஸ்ஸுக்குள் துண்டு எறிந்தோம். மாடி முழுக்கப் பெஞ்சு அடுக்கிக் கிடப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சீட்டுக்குப் பஞ்சமில்லை, பிள்ளைக்குத்தான் பஞ்சம் என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது, மண்டைக்கு ஏறவில்லை. அந்தக் கவர் போய்ச் சேர்ந்த இடம் நிர்வாக அதிகாரியின் அறையில் இருந்த சாம்பல் நிற இரும்பு பீரோ.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அக்கா மகளுக்குத் திருச்சிப் பக்கம் ஓர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு. கல்லூரிக் கட்டணம், விடுதி எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். மச்சான் போனில் அழுதார். ஒரு வாரத்துக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும், கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள். அப்பாவும் மகளும் கவரைத் திருப்பி வாங்க எங்கள் கல்லூரிக்கு வந்தார்கள்.

நிர்வாக அதிகாரி சத்தமாகப் பேசுகிற ஆள் இல்லை. "உங்களுக்காகத்தான இவ்ளோ நாளு சீட்டக் காலியா வெச்சிருந்தோம்? அந்த நஷ்டத்த யாரு குடுப்பா? முதல் வருசக் கட்டணத்தக் கட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று அவர் சொன்னபோது, அவர் தலைக்கு நேர் மேலே காலி வகுப்பறைகள் இருந்தன. மச்சான் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் அப்பாவும் மகளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். நான் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தும்போது அவள் என்னைப் பார்ப்பாள். "மாமா, இன்னிக்கி குடுப்பாங்களா?" என்று கேட்டது முதல் நாள் மட்டும்தான். பிறகு கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

நான்கு நாளும் சார் அந்தப் பக்கமே வரவில்லை. ஒர்க்ஷாப்பில் லேத் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைத் தேடிப் பிடித்தேன்.

"ஏன் சார், வூட்டுக்குள்ள வந்து டீ குடிச்சீங்களே, அந்தப் புள்ள வெளிய உக்காந்திருக்கு. போயி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது?"

"நான் கேட்டாத் தர மாட்டாங்க டிரைவர்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் கையில் இருந்த கழிவுத் துணியால் சுத்தமான மெஷினையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "என்னோட பி.இ., எம்.இ. ரெண்டும் அதே பீரோவுலதான் இருக்கு. வேலைக்குச் சேந்த அன்னிக்கே வாங்கி வெச்சுட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு வேலை வந்துச்சு. கேட்டேன். மூணு மாசச் சம்பளத்தக் கட்டிட்டு எடுத்துக்கன்னாங்க. அவங்க எனக்கு ஆறு மாசம் பாக்கி."

இரக்கப்பட வேண்டிய பேச்சுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. தானே மாட்டிக்கொண்டிருக்கும் பொறிக்குள் அடுத்தவன் பிள்ளையைக் கூட்டிவந்து விடுகிற மனிதனை என்ன செய்வது? "நீங்கல்லாம் படிச்சு என்ன சார் ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று அது சரியான கேள்வி என்று நினைத்தேன்.

கடைசி நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்துக் கல்லூரியில் பெற்றோர் சந்திப்பு. கிராமங்களிலிருந்து பெற்றோரை பஸ்ஸில் ஏற்றிவந்து, ஆய்வகங்களைச் சுற்றிக் காட்டி, மேடை போட்டுப் பேசி, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு, கிளம்பும்போது ஒரிஜினல்களை வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். ஓனரே வந்து உட்கார்ந்திருப்பார். நான் வரதராஜன்பேட்டையிலிருந்து ஜெயங்கொண்டம், அரியலூர் வழியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். பஸ் நிறைந்திருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மஞ்சள் பை. சார் முன் சீட்டில் வெள்ளைச் சட்டையோடு, பட்டியலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முன்கூட்டித் திட்டம் எதுவும் போடவில்லை. கல்லூரிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு புளியமரம் வரும். அங்கே என் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. என்ஜினை அணைத்துவிட்டு எழுந்து திரும்பி நின்றேன்.

"ஒரு நிமிசம் கேளுங்க. உள்ள போனதும் ஒரிஜினல் கேப்பாங்க. குடுக்காதீங்க. ஜெராக்ஸ் மட்டும் குடுங்க. குடுத்தா திரும்ப வாங்க முடியாது. எங்க அக்கா பொண்ணு நாலு நாளா மரத்தடியில உக்காந்திருக்கு" என்றேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

யாரும் என்னை நம்பவில்லை. டிரைவர் சொன்னால் யார் நம்புவார்கள்? எல்லோரும் சாரைத்தான் பார்த்தார்கள். வரதராஜன்பேட்டையில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஓர் அம்மா, விரலெல்லாம் முந்திரிப்பால் பட்டுக் கறுத்தவர், இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்தார். "இந்தத் தம்பி சொல்றது நெசமா சார்?"

சார் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரமானது. வெள்ளைச் சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. "நெசந்தாங்க. குடுக்காதீங்க. என்னோடதே அங்கதான் மாட்டிக்கிட்டு இருக்கு."

"அப்ப எங்க வூட்டுக்கு வந்தப்ப எதுக்குக் குடுங்கன்னு சொன்னீங்க?"

"சம்பளத்துக்காகச் சொன்னேம்மா."

"அதச் சொல்லிக் கேட்டிருந்தா பத்து இருவது குடுத்து வுட்ருப்பமே. புள்ளையவா கேப்பீங்க?"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை, தலையும் குனியவில்லை. அந்த வார்த்தை முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார். நான் அவரை மன்னிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குள் என் போன் அடித்தது. நிர்வாக அதிகாரி. பஸ் எங்கே, ஓனர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றார். எனக்கு அப்போதுதான் பிடி கிடைத்தது. "எங்க அக்கா பொண்ணு கவர் கேட்டுக்கு வரணும். வந்தாத்தான் பஸ் உள்ள வரும்" என்றேன். திட்டினார், போலீஸ் என்றார், பிறகு ஓனரின் குரல் பின்னால் கேட்டதும் அடங்கினார். "சரி, கொண்டாறேன். நீ பஸ்ஸ உள்ள எடு" என்றார்.

போனை வைத்த பிறகுதான் நான் கேட்டது என்னவென்று எனக்கே புரிந்தது. ஒரு பிள்ளையை மீட்க ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளின் காகிதங்களை உள்ளே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை அவர்களிடம் சொன்னேன். மணி பதினொன்றரை.

அந்த முந்திரி அம்மாதான் தீர்த்துவைத்தார். "சோறு போடுறேன்னுதான கூட்டியாந்தீங்க? போயித் திம்போம். பையி மட்டும் உள்ள வராது."

ஒரு பெரியவருக்குச் சர்க்கரை நோய், பாயசம் அவருக்கு ஆகாது. அவரே இறங்கிக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் மஞ்சள் பைகளை அவரிடம் கொடுத்தார்கள். புளியமரத்தடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுற்றிலும் பைகளை அடுக்கி நடுவில் அவர் உட்கார்ந்துகொண்டார். "எனக்கு ரெண்டு வடைய மட்டும் மடிச்சுக் கொண்டாங்க" என்றார்.

கேட்டில் அதிகாரி கவரோடு நின்றார். நான் ஜன்னல் வழியாக வாங்கி, ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். ஒன்பதாவது படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாம் இருந்தன. மரத்தடியிலிருந்து ஓடிவந்த அக்கா மகளிடம் கொடுத்தேன். அவள் கவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்பாவை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். பிறகுதான் பஸ்ஸை உள்ளே எடுத்தேன்.

எங்கள் ஆட்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். முந்திரி அம்மா அப்பளம் இரண்டு முறை கேட்டு வாங்கினார். ஒரிஜினல் கேட்டபோது ஒவ்வொருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "ஜெராக்ஸ்தாங்க இருக்கு." ஏழாவது ஆள் அதைச் சொன்னபோது அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். எட்டாவது ஆள் சொன்னபோது சாரைப் பார்த்தார்.

அவர்களை வேறொரு டிரைவரை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். வழியில் புளியமரத்தடியில் நிறுத்தச் சொல்லிப் பெரியவரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டார்களாம். என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சேரும்போது என் ஒரிஜினல் லைசென்ஸையும் வாங்கி பீரோவில் வைத்திருந்தார்கள், டிரைவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். கேட்டேன். வண்டிக்கு நஷ்டம் ஏதாவது உண்டா என்று பார்த்துவிட்டுத் தருவார்களாம். பீரோ திறந்திருந்தது. அடுக்கடுக்காகக் கவர்கள். அக்கா மகளுடையது இருந்த இடம் கூடத் தெரியவில்லை, அவ்வளவு நெருக்கம். அத்தனைக்கும் ஒவ்வொரு வேப்பமரத்தடி வேண்டும்.

நான் கேட்டைத் தாண்டும்போது சார் பின்னாலேயே வந்தார். அவரை ஓனர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போவதற்கு முன் தண்ணீர் பாட்டில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"எங்க போறீங்க?" என்றார். அதுவரை என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"அரியலூருக்கு."

"முப்பது கிலோமீட்டர். பஸ்ல போகலாமே."

"நடந்தாத்தான் சார் ஆறும்."

"எனக்குப் போக வழியில்ல. நீங்க எனக்கும் சேத்து நடங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதுதான் நான் அவரைப் பார்த்த கடைசி.

பிறகு விசாரித்ததில், சாரை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், சான்றிதழ்களைத் தரவில்லை என்றார்கள். படிப்புச் சான்று இல்லாமல் வேறு கல்லூரியில் சேர முடியாது. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில், பன்னிரண்டாவது முடித்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மெஷின் ஓட்டுகிறாராம். எம்.இ. படித்த மனிதர் தன் படிப்பை மறைத்து வேலை வாங்க வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வருவது துக்கம் இல்லை. அந்தக் கல்லூரி வாசலில் இந்த வருடமும் புது பேனர் கட்டியிருக்கிறார்கள். நானே பார்த்தேன். 'முன்பதிவுக்கு முந்துங்கள்' என்று போட்டிருக்கிறது.

நான்கரை மணிக்கு, நடந்துகொண்டிருந்தபோதே, மச்சானின் போன் வந்தது. "சேந்துட்டா மாப்ள. சரிபாத்து அவங்க வேலை முடிஞ்சதும் சர்டிபிகேட்ட எங்க கையிலயே திருப்பிக் குடுத்துருவாங்களாம். ரெண்டு தடவ கேட்டுட்டேன்" என்றார். நல்லது என்றேன். கொஞ்ச தூரத்தில் ஒரு காலி லாரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அன்றிரவு அரியலூர் ரயில் நிலையத்தில் படுத்தேன்.

மறுநாள் காலை டவுனில் ஒரு சிமெண்ட் குடோனில் ஆள் வேண்டும் என்று டீக்கடையில் சொன்னார்கள். போனேன். குடோன் கூரை வரை மூட்டைகள். விற்காத சரக்கு. ஒரே இடத்தில் கிடந்தால் அடி மூட்டைகள் இறுகிக் கல்லாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை அடியில் இருப்பதை மேலேயும் மேலே இருப்பதை அடியிலுமாக மாற்றி அடுக்க வேண்டும். அதுதான் வேலை. வண்டி ஓட்டுவாயா என்று குடோன்காரர் கேட்டார். ஓட்டுவேன், லைசென்ஸ் கையில் இல்லை என்றேன். மூட்டை தூக்கு என்றார். சம்பளத்தைச் சொன்னார். சரி என்றேன்.

"ஆதார் கார்டக் குடுத்துட்டுப் போ. எங்கிட்ட இருக்கட்டும்."

"ஜெராக்ஸ் எடுத்துத் தரேங்க. ஒரிஜினல் தர மாட்டேன்."

"ஏன், நாளைக்கி ஓடிருவியா?"

"ஓடுனாலும் ஓடுவேங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூட்டைகளைப் பார்த்தார். வேறு ஆள் யாரும் வந்திருக்கவில்லை. "போயி எடுத்தா" என்றார். எதிர்க் கடையில் ஒரு நகல் எடுத்து அவர் மேஜையில் வைத்துவிட்டு, கார்டை டவுசர் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மேல் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கீழ் வரிசையில் முதல் மூட்டையைத் தட்டிப் பார்த்தேன். இறுகிவிட்டிருந்தது. அதை வெளியே எறிந்துவிட்டு இரண்டாவதைத் தூக்கினேன்.